மான் தோலில் கட்டி: கறியைச் சாப்பிடலாமா?

மிச்சிகனில் நவம்பர் 15 ஏறக்குறைய ஒரு பண்டிகை நாள். துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் அன்றுதான் தொடங்குகிறது. சில ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டுவிடுவார்கள். பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் நன்றி நவிலும் நாளை ஒட்டி ஒன்பது நாள் வேட்டை. அந்த நாட்களில் வனவிலங்குத் துறைகளிடம் வேட்டைக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: மானைச் சுட்டாயிற்று, கிட்டப் போய்ப் புரட்டினால் கழுத்திலும் முகத்திலும் கறுப்பு கறுப்பாகக் கட்டி, கறியைத் தின்னலாமா, எறிந்துவிடலாமா?

தோலில் இருப்பது பெரும்பாலும் தோலோடு போய்விடும். பார்க்க அருவருப்பான மானின் கறி பலசமயம் சுத்தமானது. பயப்பட வேண்டிய நோயோ தோலில் ஓர் அடையாளமும் காட்டாமல் இருக்கும். கீழே உள்ள பட்டியல் அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதற்கானது.

இது வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானைப் பற்றியது. நம் ஊர்ப் புள்ளிமானையும் கடமானையும் இதில் சேர்க்க வேண்டாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவதும் அதன் கறியை வைத்திருப்பதும் சிறைக்குரிய குற்றம். அமெரிக்காவில் உரிமமும் எண்ணிக்கை வரம்பும் வைத்து அரசே வேட்டைக்கு விடுகிறது. டெட்ராய்ட், மினியாபொலிஸ் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் துப்பாக்கி எடுக்காவிட்டாலும், உடன் வேலை செய்கிறவர் அன்போடு கொடுத்த மான்கறிப் பொட்டலம் வீட்டு ஃப்ரீசருக்கு வந்து சேர்வதுண்டு. அவர்களுக்கும் கடைசியில் சில குறிப்புகள் இருக்கின்றன.

செய்ய வேண்டியவை: தோலை உரிக்கும் முன்பும் உரிக்கும்போதும்

• சுடுவதற்கு முன்பே மானை நன்றாகப் பாருங்கள். தொலைநோக்கியில் கொம்பின் கிளைகளை எண்ணும் நேரத்தில் பாதியை அதன் நடையைப் பார்க்கச் செலவிடலாம். விலா எலும்பு தெரிகிறதா, தலை தொங்குகிறதா, எச்சில் ஒழுகுகிறதா, கால் தள்ளாடுகிறதா, ஆளைக் கண்டும் ஓடாமல் நிற்கிறதா? இதில் எது இருந்தாலும் துப்பாக்கியை இறக்கிவிட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கும் மானின் நடை சொல்லும் அளவுக்குச் செத்த மானின் தோல் சொல்லாது.

• கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கறியைச் சாப்பிடுவதைவிட அதை அறுப்பதில்தான் ஆபத்து கூடுதல். மானைக் குடலெடுக்கும்போது கத்தி கையில் பட்டு, 2004-இல் மிச்சிகன் வேட்டைக்காரர் ஒருவருக்கு விரலில் மாட்டுக் காசநோய்க் கிருமி தொற்றியது பதிவாகியிருக்கிறது. ஆட்டுக்கு வாயிலும் உதட்டிலும் வரும் அம்மை போன்ற கொப்புள நோயின் நெருங்கிய வகை ஒன்று, அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் மானை உரித்த இரண்டு பேரின் விரலில் வந்ததாக 2010-இல் மருத்துவ இதழ் ஒன்றில் அறிக்கை வந்தது. இவை அரிதானவைதான். ஆனால் ஒரு ஜோடி ரப்பர் கையுறைக்கு ஆகும் செலவு அற்பம். முழங்கை வரை நீளும் கையுறை இன்னும் நல்லது. நெஞ்சுக்கூட்டுக்குள் கைவிடும்போது மணிக்கட்டோடு நிற்கும் கையுறை எதற்கும் உதவாது.

• கட்டியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பட்டியலில் எல்லாவற்றையும்விடப் பயன்படும் சோதனை இதுதான். இதற்குக் கருவியும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். கட்டியை இரண்டு விரலால் பிடித்து நகர்த்தும்போது தோலோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் அது தோலுக்குச் சொந்தமானது. நகராமல் அடித்தசையில் ஊன்றி நின்றால் கவனம் வேண்டும்.

நகரும் கட்டிகளில் முதலிடம் நார்க்கட்டிக்கு. மான் மரு என்றும் சொல்லலாம். மனிதருக்கு மரு வரவழைக்கும் பாப்பிலோமா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த, மானுக்கே உரிய ஒரு வைரஸ்தான் காரணம். முடியில்லாமல், கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ, தொட்டால் கெட்டியாக இருக்கும். பட்டாணி அளவில் ஒன்றிரண்டாகவும் இருக்கலாம். முகம், கழுத்து, முன்னங்கால் எங்கும் கொத்துக்கொத்தாய்த் தொங்கி, சில பெரிய ஆரஞ்சுப் பழம் அளவுக்கு வளர்ந்தும் இருக்கலாம். கடிக்கும் பூச்சிகள் வழியாகவும், கீறல் பட்ட தோல் இன்னொரு மானின் கட்டியில் உரசுவதாலும் பரவுகிறது. இளம் மான்களில்தான் அதிகம் காணப்படும். பல மான்களுக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கி உதிர்ந்துவிடும். கண்ணை மறைத்தோ வாயை அடைத்தோ வளர்ந்துவிட்டால்தான் மானுக்கே கஷ்டம்.

இது தொற்றுகிற கட்டி என்பதை 1950-களில் செய்து காட்டியவர் வைரஸ் ஆய்வாளர் ரிச்சர்டு ஷோப். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1933-இல், காட்டுமுயலின் தலையில் கொம்புபோல் முளைக்கும் மருவுக்கும் ஒரு வைரஸே காரணம் என்று காட்டியவரும் இவரே. அமெரிக்க நாட்டார் கதைகளில் வரும் 'கொம்புள்ள முயல்' அப்படி நோய்கண்ட முயலைப் பார்த்துப் பிறந்த கதையாக இருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு.

கறிக்கு வருவோம். நார்க்கட்டி தோலின் ஆழத்தைத் தாண்டுவது மிக அரிது. உரித்தால் தோலோடு வந்துவிடும். அடியில் தசை சிவப்பாக, சுத்தமாக இருக்கும். இந்த வைரஸ் மனிதருக்கு ஒட்டுவதில்லை. ஆகவே சாப்பிடலாம். கட்டிகள் உடைந்து, புண்ணாகி, சீழ் பிடித்து உடம்பெங்கும் பரவியிருந்தால் மட்டும் வேண்டாம். அப்போது பிரச்சினை மரு அல்ல, அதன்மேல் ஏறிய பாக்டீரியா.

• முடி உதிர்ந்த இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். எல்லா முடியுதிர்வும் ஒன்றல்ல. இலையுதிர் காலத் தொடக்கத்தில் கோடை முடி போய்க் குளிர்கால முடி வரும்போது மான் திட்டுத்திட்டாய்த் தெரிவது இயற்கை. தோல் தடித்துச் சுருங்கி முடி உதிர்ந்திருந்தால் சொறி. வெள்ளைவால் மானில் மயிர்க்கால்களுக்குள் வாழும் நுண்ணிய சிலந்திப்பேன் அதற்குக் காரணமாக இருக்கலாம். அது மனிதருக்கு வராது, கறியையும் கெடுக்காது. முடி, தூரிகை நுனிபோல் ஒட்டிப் பிடித்த கொத்தாக, அடியில் பொருக்கோடு பிய்ந்து வந்தால் அது மழைச்சொறி என்று பேச்சில் சொல்லப்படும் பாக்டீரியா நோய். ஈரம் அதிகமான ஆண்டுகளில் கூடும். இது அபூர்வமாக மனிதத் தோலுக்கும் தொற்றும், கையுறையைக் கழற்றாதீர்கள். கறிக்குப் பாதகம் இல்லை.

வாஷிங்டன் மாநிலத்தில் 1990-களின் நடுவிலிருந்து கருவால் மான்கள் விலாப்புறத்து முடியை இழந்து வெளிறிப் போகத் தொடங்கின. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பேன் வகைதான் காரணம். அந்த மான்கள் குளிர்காலத்தில் மெலிந்து சாவதுண்டு. ஆகவே அங்கே பார்க்க வேண்டியது பேனை அல்ல, மானின் சதைப்பிடிப்பை.

• தோலை உரித்த பிறகு உள்ளே பாருங்கள். நெஞ்சுக்கூட்டைத் திறந்ததும் விலா எலும்பின் உட்புறச் சவ்வையும் நுரையீரலையும் வெளிச்சத்தில் பாருங்கள். வழவழப்பாகப் பளபளத்தால் நல்லது. பழுப்பும் மஞ்சளுமாய்ப் பட்டாணி அளவில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அங்கேயே கத்தியைக் கீழே வையுங்கள். மாட்டுக் காசநோயின் அடையாளம் அப்படித்தான் இருக்கும்.

மிச்சிகன் கீழ்த் தீபகற்பத்தின் வடகிழக்கு மூலையில், அல்பினா மாவட்டத்தில், 1994-இல் வேட்டையாடப்பட்ட ஒரு மானில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து அந்தப் பகுதியில் வேட்டைக்காரர்கள் கொடுக்கும் மான் தலைகளை அரசு ஆண்டுதோறும் சோதித்துவருகிறது. மான்களைக் கவர்வதற்குக் குவியல் குவியலாய்த் தீனி கொட்டிவைத்த பழக்கம்தான் நோயை அங்கே நிலைக்க வைத்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஒரே குவியலில் பத்து மூக்கு இடித்தால் வேறென்ன நடக்கும். நோய்கண்ட எல்லா மானுக்கும் நெஞ்சில் முடிச்சு இருக்காது, சிலவற்றில் தலைப்பகுதி நிணநீர்க் கணுக்களில் மட்டுமே இருக்கும். தலையைக் கேட்பது அதனால்தான்.

• படம் எடுத்து அனுப்புங்கள். தோலோடு ஒன்று, உரித்த பின் ஒன்று, அளவு தெரிய பக்கத்தில் ஒரு நாணயம். பெரும்பாலான மாநில வனவிலங்குத் துறைகளில் நோயியல் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் வனவிலங்கு நலக்கூடமும், 1957 முதல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் தென்கிழக்கு வனவிலங்கு நோய் ஆய்வு நிலையமும் இந்த வேலைக்கென்றே இருப்பவை. கேட்பதற்கு முன் கறியைப் பொடிப்பொடியாய் நறுக்கிவிடாதீர்கள். நறுக்கிய கறியைப் பார்த்து யாரும் எதையும் சொல்ல முடியாது.

• கறியைச் சீக்கிரம் குளிர வையுங்கள். பார்க்கப்போனால் மான்கறி கெட்டுப்போவதற்கு நோயைவிட வெயில்தான் பெரிய காரணம். குடலை எடுத்து, நெஞ்சைத் திறந்து, காற்றுப் படவிட்டு, 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அக்டோபரில் வில்வேட்டைக்குப் போகிறவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். காலையில் குளிர், மதியம் இருபது டிகிரி. ஐஸ் மூட்டையை நெஞ்சுக்கூட்டுக்குள் வைத்துக் கட்டுவது பழைய வழி, நல்ல வழி.

• நாள்பட்ட மெலிவு நோய் உள்ள வட்டாரமானால் சோதனைக்குக் கொடுங்கள். இதைப் பற்றி அடுத்த பட்டியலில்.

செய்யக்கூடாதவை

• தோல் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள். நாள்பட்ட மெலிவு நோய்க்குத் தோலில் எந்தத் தடயமும் கிடையாது. கட்டி இல்லை, சொறி இல்லை, புண் இல்லை. 1967-இல் கொலராடோவில் ஓர் ஆய்வுக் கொட்டிலில் இருந்த மான்கள் காரணம் புரியாமல் இளைத்துச் சாகத் தொடங்கியபோது முதலில் தீனிக் குறை என்றுதான் நினைத்தார்கள். மூளையைப் பஞ்சுபோல் துளையாக்கும் நோய் என்று 1978-இல் தெரிந்தது. பைத்தியக்கார மாடு நோயின் குடும்பம். வைரஸும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. மடிப்பு பிசகிய ஒரு புரதம், பிரியான், பக்கத்துப் புரதங்களையும் தன் வடிவத்துக்கு இழுத்துக்கொண்டே போகிறது. 2002-இல் விஸ்கான்சினில் கண்டுபிடிக்கப்பட்டபோது வேட்டைக்காரர்களிடையே பெரிய கலக்கம். இன்று அமெரிக்காவில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களிலும் கனடாவிலும் இருக்கிறது. 2016-இல் நார்வேயின் காட்டுப் பனிமான்களிலும் தெரிந்தது.

தொற்றிய மான் ஓர் ஆண்டுக்கு மேலும் கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் சுடப்பட்டால் யார் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. தொண்டைக்குப் பின்னாலுள்ள நிணநீர்க் கணுவை அல்லது மூளைத்தண்டை ஆய்வுக்கூடத்தில் சோதித்தால்தான் தெரியும். மனிதருக்கு இந்த நோய் வந்ததாக இதுவரை உறுதியான பதிவு எதுவும் இல்லை. என்றாலும் சோதனையில் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் தனியாக, மானின் அடையாள எண்ணோடு வைத்திருக்கலாம். வேறு மானின் கறியோடு கலந்து கொத்துக்கறி ஆக்கிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

• "நன்றாக வேகவைத்தால் எல்லாம் செத்துவிடும்" என்று சொல்லாதீர்கள். நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. பாக்டீரியாவுக்கும் புழுவுக்கும் சரி. பிரியானுக்குப் பொருந்தாது, அதற்கு உயிரே இல்லை, எதைக் கொல்வது? குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் அது அப்படியேதான் இருக்கும்.

• சீழ்க்கட்டியைக் குத்தாதீர்கள். நார்க்கட்டிக்கும் சீழ்க்கட்டிக்கும் தொட்டாலே வித்தியாசம் தெரியும்: முன்னது ரப்பர்போல் கெட்டி, பின்னது அமுங்கும். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் மான்கள் கொம்பால் குத்திக்கொண்ட இடம், முந்தைய ஆண்டு யாரோ விட்ட அம்பின் முனை தங்கிய இடம், முள்வேலி கிழித்த இடம் ஆகியவற்றில் சீழ் கோத்து, சுற்றிலும் தடித்த சுவர் எழும்பியிருக்கும். கத்தி பட்டால் மஞ்சளாகவோ பச்சையாகவோ வழிந்து நல்ல கறியெல்லாம் பாழ். ஒரே இடத்தில் மட்டும் இருந்தால், அதைச் சுற்றித் தாராளமாக நல்ல சதையையும் சேர்த்து முழுதாக வெட்டி எறிந்துவிட்டு, கத்தியைக் கழுவி, கையுறையை மாற்றி, மீதியை எடுத்துக்கொள்ளலாம். பல இடங்களில் இருந்தாலோ, நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இருந்தாலோ ரத்தத்தின் வழியே பரவிவிட்டது என்று அர்த்தம். ஒரு துண்டும் வேண்டாம்.

• பின்னங்காலின் உட்புறத்துக் கறுத்த திட்டை நோய் என்று வெட்டப் போகாதீர்கள். முதல்முறை மான் உரிப்பவர்கள் பலர் இதில் ஏமாறுகிறார்கள். பின்னங்காலின் நடு மூட்டருகே முடி சிலிர்த்து, எண்ணெய் பிசுபிசுத்து, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு இருப்பது மணச்சுரப்பி. ஆண் மான் அதன்மேலேயே சிறுநீர் கழித்து மணம் ஏற்றிக்கொள்ளும், நவம்பரில் உச்சம். அதைத் தொட்ட கையால், அதை வெட்டிய கத்தியால் தொடைக்கறியைத் தொட்டால் அந்த வாடை கறிக்கு ஏறிவிடும். மான்கறி வாடை அடிக்கிறது என்று குறை சொல்கிறவர்களில் சிலர் உண்மையில் சாப்பிட்டது இதைத்தான்.

அதே பருவத்தில் ஆண் மானின் கழுத்து வீங்கினாற்போல் இருப்பதும் நோய் இல்லை. செப்டம்பரில் கொம்பிலிருந்து ரத்தக் கசிவோடு தோல் நார்நாராய்த் தொங்குவதும் நோய் இல்லை.

• வெள்ளைத் திட்டு உள்ள மானைக் கண்டு பயப்படாதீர்கள். பிறவி நிறக்குறை. நியூயார்க் மாநிலத்தின் செனெகாவில், பழைய ராணுவக் கிடங்கின் வேலிக்குள் வெள்ளை மான் கூட்டமே இருக்கிறது. கறியில் எந்த வேறுபாடும் இல்லை. சில மாநிலங்களில் வெள்ளை மானைச் சுடத் தடை உண்டு என்பதால் சட்டத்தைப் பார்த்துவிட்டு விசையைத் தொடுங்கள்.

• ஊர்வதையெல்லாம் பார்த்துக் கறியை எறியாதீர்கள். மான் உடம்பில் குடியிருப்பவை ஏராளம். உண்ணிபோல் தட்டையாக முடிக்குள் ஓடுவது மான் ஈ. மானைக் கண்டதும் இறக்கையை உதிர்த்துவிட்டு அங்கேயே தங்கிவிடும். தலையை அறுத்தால் தொண்டைக்குள் கட்டைவிரல் நுனியளவு வெளுத்த புழுக்கள் நெளிவது மூக்கு ஈயின் குஞ்சுப்புழு. மானுக்குத் தும்மல் வரவழைக்கும், உங்களுக்கு ஒன்றும் செய்யாது. வடதுருவப் பனிமானின் முதுகுத்தோலை உரித்தால் அடியில் வரிசையாய்ப் புழுப் பைகள் இருக்கும். அங்குள்ள பழங்குடி மக்களில் சிலர் அந்தப் புழுக்களையும் விரும்பித் தின்பது வழக்கம். நமக்கு அந்த அளவு துணிச்சல் தேவையில்லை, தோலோடு எறிந்தால் போதும்.

• உண்ணியை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கறியை ஒன்றும் செய்யாது. உண்ணி பரப்பும் லைம் நோய் மான்கறி தின்று வருவதில்லை. ஆனால் செத்த மான் குளிரத் தொடங்கியதும் உண்ணிகள் வேறு சூடான உடம்பு தேடிக் கிளம்பும். பக்கத்தில் சூடாக நிற்பது நீங்கள்தான். உரித்து முடித்ததும் துணியை உதறி, அக்குள், தொடையிடுக்கு, காதுப் பின்புறம் எல்லாம் பாருங்கள். தென் மாநிலங்களில் பெண் உண்ணியின் முதுகில் ஒற்றை வெள்ளைப் புள்ளி உள்ள ஓர் இனம் உண்டு. அது கடித்தால் சிலருக்கு ஆல்ஃபா-கால் என்னும் சர்க்கரைக்கு ஒவ்வாமை உண்டாகும். பாலூட்டிகளின் இறைச்சியில் உள்ள சர்க்கரை அது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, மான்கறி எதைத் தின்றாலும் இரண்டு முதல் ஆறு மணிநேரம் கழித்து உடம்பெங்கும் தடிப்பு, வயிற்றுவலி, சிலருக்கு மூச்சுத்திணறல். இரவில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நடுநிசியில் தடிப்போடு எழுந்தால் யாருக்கும் மூன்று மாதத்துக்கு முன் கடித்த உண்ணியின் நினைவு வராது.

• எலும்பும் தோலுமான மானைக் கறியாக்காதீர்கள். சிறுநீரகத்தைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு இருக்க வேண்டும். அதன் இடத்தில் மஞ்சள் கூழ்போல் இருந்தால் மான் பட்டினியிலோ நோயிலோ உருகியிருக்கிறது. என்ன நோய் என்று தெரியாவிட்டாலும் வேண்டாம். பச்சை நிறம் பாய்ந்த சதை, பிசுபிசுப்பு, வயிற்றைப் புரட்டும் வாடை ஆகியவற்றுக்கும் இதுவே பதில்.

• குண்டு பாய்ந்த இடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். மருவுக்குப் பயந்து தோலைக் கூர்ந்து பார்க்கிறவர்கள், தாங்களே உள்ளே அனுப்பிய ஈயத்தை மறந்துவிடுகிறார்கள். ஈயத் தோட்டா எலும்பில் மோதினால் கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சிதறித் துளையைத் தாண்டியும் பரவும். 2008-இல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்காக வேட்டைக்காரர்கள் தானம் கொடுத்திருந்த அரைத்த மான்கறியில் ஈயத்துகள் இருப்பது தெரிந்து, அதைக் கொட்டிவிடச் சொன்னது அரசு. காயத்தைச் சுற்றி நசுங்கிய, ரத்தம் கட்டிய சதையெல்லாம் போகட்டும். கழுவினால் துகள் போகாது, தண்ணீரோடு இன்னும் பரவும். வீட்டில் சிறு குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் செப்புத் தோட்டாவுக்கு மாறுவது நல்லது. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவையே தடைசெய்துவிட்டது.

• வேண்டாத துண்டுகளை நாய்க்குப் போடாதீர்கள். தசைக்குள் அரிசிமணிபோல் வெள்ளைப் பைகள் தெரிந்தால் அது நாடாப்புழுவின் இளம் பருவம். மனிதருக்கு அதனால் தொல்லையில்லை. நாயின் குடலில்தான் அது முழுப்புழுவாகும். பச்சைக் கறி தின்ற நாய் அடுத்த ஆண்டு காட்டுக்குள் போய் அதே சுற்றைத் தொடங்கிவைக்கும்.

• காரணமில்லாமல் முழு மானையும் எறியாதீர்கள். உண்ணத்தக்க வேட்டைக்கறியை வீணாக்குவது பல மாநிலங்களில் தண்டனைக்குரியது. உண்மையிலேயே நோய்கண்ட மான் என்றால், அதிகாரி பார்த்து உறுதிசெய்த பிறகு மாற்று அனுமதிச்சீட்டு கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்கும் மானைக் காட்ட வேண்டும். பள்ளத்தில் தள்ளிவிட்டு வந்தவருக்குக் கிடைக்காது.

கறி வேறு யாரோ கொடுத்ததானால்

தோலைப் பார்க்கும் வாய்ப்பே உங்களுக்குக் கிடையாது. வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய பொட்டலம்தான் வரும். கொடுப்பவருக்கு அது பெருமைக்குரிய பொருள். முதுகுத்தசையைக் கொடுக்கிறார் என்றால் உங்களை மிகவும் மதிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மனம் நோகாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம்தான்.

• எந்த மாவட்டத்து மான் என்று கேளுங்கள். வேட்டைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். இடம், காற்று, தூரம் என்று முழுக்கதையும் சொல்வார்கள். மாவட்டத்தின் பெயர் கிடைத்தால் மெலிவு நோய் அங்கே உண்டா என்று மாநிலத் துறையின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். சோதனைக்குக் கொடுத்தாரா என்றும் கேட்கலாம். அந்த வட்டாரத்தில் அது சாதாரணமான கேள்வி, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

• ஒரே மானின் கறியா, பல மான்களின் கறியைக் கலந்து அரைத்ததா என்று கேளுங்கள். கறி வெட்டித்தரும் சில கூடங்களில் கொத்துக்கறியும் தொத்திறைச்சியும் பலருடைய மான்களைச் சேர்த்தே செய்யப்படும். முழுத் துண்டாகக் கிடைத்தால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள்.

• மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல், நிணநீர்க் கணு எதையும் சமைக்காதீர்கள். ஆட்டு மூளை வறுவலும் மண்ணீரல் பொரியலும் பழகிய நாக்குக்கு இது கஷ்டம்தான். தலைக்கறிக் குழம்பு ஆசையையும் மான் விஷயத்தில் விட்டுவிடுங்கள். எலும்பைச் சுற்றி அறுத்துக் கறியை மட்டும் எடுப்பது நல்லது. முதுகெலும்பை வாளால் அறுத்த துண்டு வேண்டாம்.

• உள்ளே ரோஸ் நிறம் இருக்கும்படி சமைக்காதீர்கள். மான்கறியில் கொழுப்பு குறைவு, அதிகம் வெந்தால் சவக் சவக் என்றாகிவிடும் என்பதால் அரைவேக்காட்டில் இறக்குவது அந்த ஊர் வழக்கம். டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி அப்படிப் பரவியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அது மிகவும் கெடுதல். ஃப்ரீசரில் வைத்ததால் போய்விட்டது என்று நம்பவும் முடியாது. கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். மிளகு, இஞ்சி, பூண்டு தட்டிப்போட்டுக் குக்கரில் வைக்கும் நம் முறைக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. தயிரில் ஓர் இரவு ஊறவைத்தால் சவக் சவக்கும் குறையும்.

• உப்புக்கண்டம் போடுவதானால் முதலில் சூடாக்குங்கள். சித்திரை வெயிலில் காயவைத்த ஆட்டு உப்புக்கண்டத்தின் நினைவில் மின்சார உலர்த்தியில் பச்சைக் கறியை அப்படியே அடுக்கிவிட வேண்டாம். 1995-இல் ஆரிகனில் வீட்டில் செய்த மான் உப்புக்கண்டத்தைத் தின்றவர்களுக்கு ஈ.கோலை ஓ157 தொற்று வந்தது. கீற்றுகளை 71 டிகிரி வரும்வரை வேகவைத்தோ அவனில் சுட்டோ எடுத்த பிறகு உலர்த்தியில் போடுங்கள்.